ஃபியூஸ் மாற்றும் நாள்

ஃபியூஸைச் செருகியதும் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் பச்சை எண்கள் எரிந்திருக்க வேண்டும். எரியவில்லை.

மெக்கானிக் எட்டிப் பார்த்தார். ஃபியூஸைப் பிடுங்கி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடியும் செருகி, கட்டைவிரலால் அழுத்திவிட்டு மறுபடியும் எட்டிப் பார்த்தார். சுவரில் இருந்த அந்தச் சின்ன வெள்ளைப் பெட்டி, அதுதான் ஏசியின் தெர்மோஸ்டாட், முகத்தைக் கறுப்பாகவே வைத்துக்கொண்டிருந்தது. முப்பது வருஷமாக ஊரில் உள்ள ஜெனரேட்டரையெல்லாம் தட்டி எழுப்பிய மனிதரிடம், உள்ளங்கை அகலப் பெட்டி ஒன்று எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பார்.

"என்னடா இது," என்று வாய்விட்டே சொன்னார். வண்டிக்குள் அவர் குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது.

வண்டியும் அதுதான், வீடும் அதுதான். பாதி பஸ் நீளத்தில் ஒரு கேரவன். முன்னால் அடுப்பு, நடுவில் இரண்டு பேர் உட்காரும் மேஜை, எதிரே திரும்பினால் முழங்கை இடிக்கும் குளியலறை, கடைசியில் கட்டில். எந்த ஊரில் ஜெனரேட்டர் படுத்துக்கொள்கிறதோ அங்கே இதை ஓட்டிக்கொண்டுபோய் நிறுத்தி, வேலை முடிகிறவரை புருஷனும் பெண்டாட்டியுமாகக் குடியிருப்பார்கள். இப்போது லாரிகள் நிற்கும் ஒரு மைதானத்தின் மூலையில், மின்கம்பத்திலிருந்து வந்த ஒரு தடித்த வயரோடு நின்றது. நாற்பத்து மூன்று நாளாகக் கதவைத் திறக்க ஆளில்லை. மத்தியான வெயில் கூரை வழியாக இறங்கி, சூடான பிளாஸ்டிக்கும் மெத்தைப் பஞ்சும் வலித் தைலமும் அவள் போடும் சோப்பும் சேர்ந்த ஒரு வாசனையை மூலைமூலையாகக் காய்ச்சிக்கொண்டிருந்தது. அதற்கெல்லாம் அடியில், மூக்கு முதலில் ஒத்துக்கொள்ள மறுத்த லேசான ஒரு புளிப்பு. கூரைத் தகரம் வெயிலில் விரிந்து எங்கோ 'டிக்' என்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் 'டிக்'.

மணி இரண்டேகால். மூன்று மணி பஸ்ஸில் மகள் வந்து இறங்கிவிடுவாள்.

மூன்று நாளைக்கு முன்னால் மாப்பிள்ளை போன் செய்திருந்தார். அதிர்ந்து பேசாத மனிதர். அன்றைக்குக் குரல் உடைந்திருந்தது.

"மாமா, அவ சாப்பிடறதே இல்ல மாமா. தட்டுல போட்டா பாத்துக்கிட்டே உக்காந்திருக்கா. 'எங்கம்மாவ நான்தான் கொன்னேன்'னு ஒரே பாட்டு. ராத்திரி எழுந்து பாத்தா ஜன்னல எல்லாம் திறந்து வச்சுட்டு நிக்கறா. நீங்கதான் ஏதாவது சொல்லணும். உங்க பேச்சுன்னா கேப்பா."

மெக்கானிக் என்ன சொல்லுவார்? சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டவரே அவர்தானே.

இந்த ஃபியூஸ் கதையை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. கூரைமேல் உட்கார்ந்திருக்கிற ஏசி கம்பத்துக் கரண்டில் ஓடும். ஆனால் அதை எழுப்புகிற தெர்மோஸ்டாட்டுக்கு வண்டி பேட்டரியின் பன்னிரண்டு வோல்ட்தான். அந்தச் சின்ன கரண்ட் இல்லையென்றால் கம்பத்தில் எவ்வளவு இருந்தும் பிரயோஜனமில்லை, ஏசி கல் மாதிரிக் கிடக்கும். குளிர்காலத்து ஹீட்டருக்கும் அதே மாதிரி ஒரு சின்ன லைன் உண்டு. வண்டி வாங்கிய முதல் வருஷம் ஹீட்டரின் ஃபியூஸ் எரிந்துபோனது. வெயில் காலம் முடிந்துவிட்டதே, ஏசிக்கு இப்போது என்ன வேலை என்று அந்த ஃபியூஸைப் பிடுங்கி ஹீட்டரில் செருகினார். வெயில் வந்ததும் திரும்ப ஏசிக்கு மாற்றினார். பையில் நூறு ஃபியூஸ் கிடக்கும், அது வேறு விஷயம். ஆனால் பதினோரு வருஷமாக அந்த இரண்டு இடத்துக்கும் ஒரே ஒரு ஃபியூஸ்தான்.

முதலில் பெண்டாட்டி கிண்டல் செய்தாள். "ஊருக்கெல்லாம் கரண்ட் குடுக்கற மகராசன், சொந்த வீட்டுக்கு ஒரு ஃபியூஸ் போட மாட்டேங்கறாரு." பிறகு அவளே அதை விடவில்லை. பிளாஸ்திரியில் 'குளிர்', 'வெயில்' என்று எழுதி இரண்டு இடத்திலும் ஒட்டினாள். குளிர் விட்டு முதல் புழுக்கம் தெரிகிற காலையில் தலையை முடிந்துகொண்டே, "மெக்கானிக்கு, இன்னைக்கு ஃபியூஸ் மாத்தற நாள்" என்பாள். அவர் மாற்றுவார். ஒரு வருஷம்கூட அவருக்கு அது தானாக ஞாபகம் வந்ததில்லை. வர வேண்டிய அவசியம் இருந்ததில்லை.

போன மழைக்காலத்தில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. இடது கையும் இரண்டு கண்ணும்தான் மிச்சம். மகள்தான் எங்கெங்கோ தேடி இந்தத் தெர்மோஸ்டாட்டை வாங்கி வந்தாள். பெரிய பெரிய எண்கள், கட்டைவிரல் அகலத்துக்கு இரண்டே ரப்பர் பட்டன், ஒன்று ஏற்ற, ஒன்று இறக்க. "அம்மா படுத்துக்கிட்டே இடது கையால அழுத்தலாம்ப்பா, யாரையும் எதிர்பாக்க வேணாம்" என்றாள். கட்டிலிலிருந்து கை எட்டுகிற உயரத்தில் மெக்கானிக்கே அதைப் பொருத்தினார். ஃபியூஸை 'வெயில்' பக்கம் போட்டு ஒரு தடவை ஓட்டியும் காட்டினார். அவள் பட்டனை அழுத்தி, எண் இறங்குவதைப் பார்த்து, பாதி வாயால் சிரித்தாள். அன்று ராத்திரி நல்ல குளிர். ஃபியூஸ் திரும்ப 'குளிர்' பக்கம் போனது.

அங்கேயே இருந்தது.

முதல் புழுக்கம் தெரிந்த காலையில் அவளுக்கு முகம் துடைத்து, கஞ்சி ஊட்டி, தூசி வராமல் ஜன்னல்களைச் சாத்தி, "வெக்கையா இருந்தா பட்டன அழுத்திக்கோ, மத்தியானத்துக்குள்ள வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் கண்ணை உருட்டி உருட்டி எதையோ காட்டினாள். சரி சரி, சீக்கிரம் வருகிறேன் என்று தலையைத் தடவிவிட்டுப் போனார். ஐயோ, அவள் ஃபியூஸ் பெட்டியைக் காட்டியிருக்கிறாள்.

வேலை இழுத்துக்கொண்டது. வந்தபோது மணி நான்கரை.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் அவருக்கே தாங்கவில்லை. கதவைத் திறந்தார், பார்த்தார், புரிந்துகொண்டார். உயிர் போய்க் கிடந்தவளின் கண்ணை மூடுவதற்கு முன்னால் போய் ஃபியூஸை 'குளிர்' பக்கத்திலிருந்து பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பெட்டியை மூடினார். அவள் கண்ணை அப்புறம்தான் மூடினார். கேட்டவர்களிடமெல்லாம் தெர்மோஸ்டாட் வேலை செய்யவில்லை என்றார். மகள் போனில், "நான் வாங்கிக் குடுத்ததா அப்பா?" என்று கேட்டாள். அவர் "ம்" என்றார். அவ்வளவுதான். ஒரு "ம்".

அந்த "ம்"மைத் துடைக்கத்தான் இன்றைக்கு மகள் வருவதற்கு முன்னால் வந்திருக்கிறார். உண்மையைச் சொல்ல அல்ல, அதற்குத் தைரியம் இல்லை. அவளும் போய்விட்டால் அவருக்கு யார் இருக்கிறார்கள்? ஃபியூஸைப் போட்டுவிட வேண்டியது. தெர்மோஸ்டாட் பளிச்சென்று எரியும். 'பாரு பாப்பா, நீ வாங்கினது நல்லாத்தான் இருக்கு, மேல ஏசியோட போர்டுதான் எரிஞ்சுபோச்சு' என்று காட்ட, வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய கருகிய போர்டு ஒன்றைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்திருந்தார். யாருடைய தப்பும் இல்லாத ஒரு தப்பு. அவள் இரண்டு வாய் சாப்பிடுவாள்.

ஆனால் தெர்மோஸ்டாட் எரியவில்லையே.

பையிலிருந்து புது ஃபியூஸ் எடுத்துப் போட்டார். கறுப்பு. விளக்கு ஸ்விட்சைத் தட்டினார், விளக்கு எரிந்தது. அப்படியானால் பேட்டரி இருக்கிறது. மீட்டரை எடுத்து பேட்டரியில் வைத்தார், பன்னிரண்டரை. ஃபியூஸின் இந்தக் காலில் பன்னிரண்டரை, அந்தக் காலிலும் பன்னிரண்டரை. இனி இருப்பது வயர்தான். அலமாரிக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், சுவருக்குள்ளே ஓடுகிற வயர். எலி கடித்திருக்குமோ? அந்த நினைப்பு வந்ததும் அவர் கை நின்றது.

வயர் அன்றைக்கே அறுந்திருந்தால்?

அறுந்திருந்தால், ஃபியூஸ் சரியான இடத்தில் இருந்திருந்தாலும் ஓடியிருக்காது. அவர் மறக்காமல் மாற்றியிருந்தாலும் ஓடியிருக்காது. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று, நாற்பத்து மூன்று நாளாக மடங்கிக் கிடந்தது, மெல்ல நிமிர்ந்தது. கொலைகாரன் இல்லையோ? வியர்வை கண்ணில் இறங்கியதைக்கூடத் துடைக்காமல் கட்டிலில் ஒரு முழங்காலை ஊன்றி ஏறினார். மெத்தை அவள் படுத்த அளவுக்கு இன்னும் பள்ளமாக இருந்தது. தெரியாத மாதிரி ஓரமாக ஏறினார்.

'டிக்'. இந்தத் தடவை கொஞ்சம் பக்கத்தில் கேட்டது. தகரத்துக்கு எந்தப் பக்கம் என்ன கணக்கு.

தெர்மோஸ்டாட்டைச் சுவரிலிருந்து பிரித்து எடுத்தார். பின்னால் சிவப்பும் கறுப்புமாக வயர்கள். மீட்டரின் முனைகளை அவற்றில் மாட்டினார்.

பன்னிரண்டரை.

வயர் நன்றாக இருக்கிறது. கரண்ட் வந்து வாசலில் நிற்கிறது. பெட்டிதான் செத்துக் கிடக்கிறது. இத்தனை நாள் சொன்ன பொய் பொய்யே இல்லை! மெக்கானிக் கட்டிலில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார், சிரித்தார், "நான் இல்லடி, நான் இல்ல" என்று பள்ளமாகிப்போன மெத்தையைத் தட்டித் தட்டிச் சொன்னார். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் அந்த மனிதர் சந்தோஷமாக இருந்தார்.

பிறகு, நான் இல்லையென்றால் யார் என்ற கேள்வி வந்தது.

வாங்கிக் கொடுத்தவள். மகள்.

சந்தோஷப்பட்ட வாயை அப்படியே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. இல்லை, இருக்காது, புதுப் பெட்டி அப்படித் தானாகச் சாகாது. வயர்களை அவிழ்த்து, சின்ன ஸ்க்ரூ டிரைவரை விளிம்பில் கொடுத்து நெம்பினார். மூடி 'பட்'டென்று விட்டது. உள்ளேயிருந்து அந்தப் புளிப்பு வாசனை எழுந்து முகத்தில் மோதியது.

பச்சை போர்டு முழுக்க வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. செம்புத் தடமெல்லாம் அரித்துப்போய் நீலம் பாரித்திருந்தது. இறக்குகிற பட்டனின் ரப்பர் நடுவில் கிழிந்து, அந்தக் கிழிசல் வழியாக நீர் இறங்கி உள்ளே தேங்கிக் காய்ந்த தடம் தெரிந்தது. தண்ணீர் இப்படிப் பூக்காது. அவர் வாழ்நாளெல்லாம் பார்த்தது இது, வெயிலில் வேலை செய்யும் ஆளின் மீட்டருக்குள் இப்படித்தான் பூக்கும். வியர்வை.

கிழிசலில் ஏதோ செருகியிருந்தது. வெள்ளையாக, பிறை வடிவில். சாமணத்தால் இழுத்தார்.

நகம். சதையோடு பெயர்ந்த பாதி நகம்.

மெக்கானிக்குக் கை கால் எல்லாம் சில்லிட்டுப்போயிற்று. இத்தனை வெக்கையிலும் சில்லிட்டது. பெட்டி அன்றைக்கு உயிரோடுதான் இருந்திருக்கிறது. ஃபியூஸ் மட்டும் இருந்திருந்தால் அவள் முதல் தடவை தொட்டதுமே கூரைமேல் ஏசி முனகிக்கொண்டு எழுந்திருக்கும். எழவில்லை. அவள் விடவில்லை. அழுத்தினாள், அழுத்தினாள், காலையிலிருந்து அழுத்திக்கொண்டே இருந்தாள். ரப்பர் கிழிகிறவரை. நகம் பெயர்கிறவரை. அவள் வியர்வையே உள்ளே போய் அதைக் கொல்லுகிறவரை. 'வெக்கையா இருந்தா பட்டன அழுத்திக்கோ' என்று சொல்லிவிட்டுப் போனாரே, அதை நம்பி.

"அடிப் பாவி," என்றார். "அடிப் பாவி, இப்படியா நம்புவ என்னை?"

'டிக்.'

அது கூரை இல்லை.

மெக்கானிக் அசையவில்லை.

'டிக். டிக். டிக்.'

அவர் உள்ளங்கையில்தான். மூடி கழன்று, வயர் அவிழ்ந்து, குடல் தெரியக் கிடந்த அந்தப் பெட்டியில், இறக்குகிற பட்டனின் கிழிந்த ரப்பர் உள்ளே அமுங்கியது. எழுந்தது. அமுங்கியது. மேலே ஒரு விரலும் இல்லை. ஆனால் அமுங்கும்போது பெட்டியின் கனம் உள்ளங்கையில் ஏறியது. எழும்போது குறைந்தது. இடது கைக் கட்டைவிரலின் கனம். அவருக்குத் தெரியாதா அந்தக் கனம்?

பெட்டி கையிலிருந்து நழுவி மெத்தைப் பள்ளத்தில் விழுந்தது. விழுந்த பிறகும் நிற்கவில்லை.

முதலில் வேகமாக இருந்தது. அவசரமாக, கோபமாகக்கூட. என்ன மனுஷன் இவர், எதையாவது உருப்படியாகச் செய்திருக்கிறாரா என்று அவள் திட்டுகிற வேகம். பிறகு நின்று நின்று வந்தது. ஓடவில்லையே, ஒருவேளை மெதுவாக அழுத்தினால் ஓடுமோ என்று யோசித்து யோசித்து. பிறகு நீளமான அழுத்தல்கள், விரலை எடுக்காமல். பிறகு ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் அவர் மூச்சு இரண்டு தடவை வந்துபோகிற அளவு இடைவெளி. மூன்று தடவை. பத்து.

அவர் வராத அந்த ஒரு பகல் முழுவதையும் அது அவருக்குக் கேட்கக் கொடுத்தது.

காதைப் பொத்தினார். பொத்தினால் கையெலும்பு வழியாகக் கேட்டது. எழுந்து ஓட வேண்டும். கால் வரவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வியர்வை நின்றுபோயிருந்தது, தோல் காய்ந்து எரிந்தது. ஒரு 'டிக்'. நீண்ட மௌனம். முடிந்துவிட்டது என்று நினைத்தார். முடியவில்லை. இன்னும் ஒன்று. லேசாக. பாதி அமுங்கி, எழாமலே நின்றது.

"அப்பா?"

கதவு திறந்து வெளிச்சம் உள்ளே விழுந்தது. மகள் நின்றாள். ஒன்றரை மாதத்தில் பாதியாகிவிட்டிருந்தாள், தோள்பையின் வார் தோளில் நிற்காமல் சரிந்து சரிந்து விழுந்தது.

"என்னப்பா இது, இந்த வெக்கையில கதவச் சாத்திக்கிட்டு... முகமெல்லாம் ரத்தமா செவந்து கெடக்கு."

"ஒண்ணுமில்ல பாப்பா. வா, வெளிய போலாம், வா." நகத்தைக் கைக்குள் மூடிக்கொண்டார்.

அவள் வெளியே போகவில்லை. மெத்தையைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். மூடி கழன்ற பக்கம் கவிழ்ந்து கிடந்ததால் கறுத்த முகம் மட்டும் தெரிந்தது.

"எரியலையாப்பா?"

"பாப்பா..."

"கரண்ட் வருதா?"

மீட்டரின் முனைகள் இன்னும் வயரில் மாட்டியிருந்தன. எண் அவளுக்கே தெரிந்தது.

"வருது," என்றார்.

"ஃபியூஸ்?"

"இருக்கு."

மகள் தலையை ஆட்டினாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. "அப்ப இதுதான்," என்றாள். "நான் வாங்கினதுதான். எனக்குத் தெரியும்."

சொல்லிவிடுடா என்றது மனசு. போனால் போகட்டும், அவள் உன்னைக் காறித் துப்பட்டும், ஜென்மத்துக்கும் முகத்தில் விழிக்காமல் போகட்டும், பிழைத்தால் போதும். மெக்கானிக் மகளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"இல்ல பாப்பா. கேளு. நான்தான் காரணம். நான் ஃபியூஸ மாத்தல. குளிர் பக்கத்துலயே கெடந்துச்சு. அம்மா எப்பவும் ஞாபகப்படுத்துவா, இந்தத் தடவை அவளால சொல்ல முடியல, எனக்குத் தோணல. அன்னைக்கு வந்து பாத்ததும் பிடுங்கி ஒளிச்சு வச்சேன். உங்கிட்ட பொய் சொன்னேன். உன் மேல ஒரு தப்பும் இல்லடா. நான்தாண்டா. நான்தான் அவளக் கொன்னேன்."

சொல்லிவிட்டார். அவள் கையை உதறுவாள் என்று காத்திருந்தார்.

அவள் உதறவில்லை. அப்பாவின் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். கண்ணில் நீர் தளும்பியது, கோபம் இல்லை. அவரைக் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"ஃபியூஸ் இருக்குன்னு இப்பதானப்பா சொன்னீங்க?"

"இன்னைக்குப் போட்டேன்டா. இப்ப, ஒரு மணி நேரம் முன்னாடி."

"இப்ப போட்டும் எரியலையேப்பா."

அவள் பார்வை மேஜைக்குப் போனது. "அது என்ன? எரிஞ்ச போர்டு? நம்ம ஏசியோடதா?"

"அது... மேல போர்டு எரிஞ்சுபோச்சுன்னு உங்கிட்ட காட்டலாம்னு..."

"யார் வண்டியிலேந்து கழட்டினீங்க?"

மெக்கானிக் தலையைக் குனிந்தார்.

"அவர்தான போன் பண்ணாரு? அவ சாப்பிடறதில்ல, ஏதாவது சொல்லுங்கன்னு?" மகள் அவர் கன்னத்தைத் துடைத்தாள். "நான் சாப்பிடணும்னா நீங்க கொலைப் பழியக்கூட தூக்கிப் போட்டுக்குவீங்க. எனக்காகப் பொய் சொல்லாதீங்கப்பா. வேணாம்ப்பா."

"சத்தியமாடா! உங்கம்மா மேல சத்தியமா!"

"அம்மா மேல பொய் சத்தியம் பண்ணாதீங்க."

ஐயோ. இனி என்னத்தைக் காட்டுவது? எல்லாவற்றையும் அவரே தன் கையால் சரிசெய்து வைத்துவிட்டாரே. ஃபியூஸ் அதன் இடத்தில் இருக்கிறது, கரண்ட் வந்து நிற்கிறது, பெட்டி செத்துக் கிடக்கிறது. மிச்சமிருந்தது கைக்குள் இருப்பது மட்டும்தான். காட்டவே கூடாத அதைத்தான் காட்ட வேண்டியிருந்தது. பெட்டியை எடுத்துத் திருப்பி உப்பைக் காட்டினார், கிழிசலைக் காட்டினார், மூடிய கையைத் திறந்தார்.

"பாரு. உன் பெட்டி நல்லாத்தான் இருந்துச்சு. கரண்ட் இல்லாம அவ அழுத்தி அழுத்தி... வேர்வ உள்ள போய்தான் இது செத்துச்சு. அதுக்கப்புறம்தான் செத்துச்சு பாப்பா. புரியுதாடா?"

அவள் நகத்தை எடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவர் சொன்ன எதுவும் அவள் காதில் ஏறவில்லை என்று அவருக்கு அப்போதே தெரிந்துபோயிற்று. அம்மாவின் நகம், தான் வாங்கிக் கொடுத்த பட்டனில். அவ்வளவுதான் அவள் கண்டது.

"யாரையும் எதிர்பாக்க வேணாம்னு சொன்னேனே," என்றாள் மகள் மெதுவாக. "என்னை நம்பித்தான அழுத்தியிருக்கா."

பெட்டியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு கட்டிலில் ஏறினாள். அவர் முழங்கால் படாமல் ஒதுங்கிய அந்தப் பள்ளத்தில் போய்ச் சரியாக உட்கார்ந்தாள். பள்ளம் அவளுக்கு அளவாக இருந்தது.

"எத்தனை தடவை அழுத்தியிருப்பா அப்பா?"

"பாப்பா, எழுந்திரு."

"எண்ணிப் பாக்கறேன்." இடது கைக் கட்டைவிரலைக் கிழிந்த ரப்பரில் வைத்தாள். 'டிக்'. "ஒண்ணு." 'டிக்'. "ரெண்டு."

"வேணாம்டா. எழுந்திரு சாமி. வெளிய போலாம், மாப்பிள்ளைய வரச் சொல்றேன்." தோளைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. பாதியாக மெலிந்த அந்த உடம்பை, இன்ஜின் மூடியை ஒற்றை ஆளாகத் தூக்குகிற மனிதரால் மெத்தையிலிருந்து ஒரு விரல்கடை தூக்க முடியவில்லை. பெட்டியைப் பிடுங்கப் பார்த்தார். விரல்கள் விடவில்லை. அவள் அவரைப் பார்க்கவும் இல்லை. "தொந்தரவு பண்ணாதீங்கப்பா, எண்ணிக்கை விட்டுப்போயிடும்," என்றாள். பத்து, பதினொண்ணு, பன்னெண்டு.

கதவைத் திறந்தே வைத்தார். ஜன்னல்களையெல்லாம் தள்ளித் திறந்தார். காற்று வந்தது, ஆனால் கட்டில்வரை வரவில்லை. மைதானத்தைப் பார்த்துக் கத்தினார். லாரிகள் நின்றன, ஆள் இல்லை. போனில் மாப்பிள்ளையின் நம்பரைத் தேடியபடி திரும்பி வந்தார்.

நாற்பதைத் தாண்டியிருந்தாள். குரல் குழறியது. நாற்பத்தி... நாப்... வாயின் இடது பக்கம் மட்டும் அசைந்தது. வலது கை மடியிலிருந்து நழுவி மெத்தையில் விழுந்து, விழுந்த மாதிரியே கிடந்தது. நெற்றியிலிருந்து வியர்வை கண்ணில் இறங்கியது, அதைத் துடைக்க அந்தக் கை எழவில்லை. எண்கள் நின்றுவிட்டன. கண் மட்டும் அவரைப் பார்த்து உருண்டு உருண்டு, எதையோ சொல்ல வேண்டும் என்பதுபோல, கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஃபியூஸ் பெட்டியைக் காட்டியது.

"என்னம்மா?" என்றார் மெக்கானிக். பாப்பா என்று கூப்பிட வாய் வரவில்லை. "என்ன சொல்ற? மாத்திட்டேன். மாத்திட்டேன்மா, பாரு."

மகள் பட்டனை ஒரு தடவை அழுத்தினாள். இரண்டு தடவை கேட்டது.